தலைச்சோலையில் ஒரு வளையம்

ஏற்காட்டை அடுத்த தலைச்சோலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, ஊர்ப் பிள்ளைகள் விளையாடும் ஒரு சிறு மண் திடல் இருக்கிறது. அதன் மேற்கு ஓரத்தில் ஓர் இரும்புக் கம்பம். கம்பத்தின் உச்சியில் ஒரு பலகை. பலகையில் வலையில்லாத ஒரு வளையம். மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அந்த வளையம் அங்கே எப்படி வந்தது என்று சொல்லப் போனால் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னால் போக வேண்டும். அந்தக் கதையில் பாதி, சென்னையில் பிறந்து இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைமை ஏற்ற அனிதா பால்துரையைப் பற்றியது. மீதிப் பாதி எங்களைப் பற்றியது.

நாங்கள் ஐந்து பேர். மூவர் ஆண்கள், இருவர் பெண்கள். சேர்வராயன் மலையின் வெவ்வேறு சிற்றூர்களில் பிறந்து, ஒரே பள்ளியில் படித்து, சேலத்தில் கல்லூரிக்குப் போனவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். சென்ற முறை பேச வேண்டிய நாவலை ஒருவரும் முடித்திருக்கவில்லை. வெளியே நல்ல மூடுபனி. சுக்குக் காப்பியைக் குடித்தபடி பேசிக்கொண்டிருந்ததில் பேச்சு அனிதாவின் பக்கம் திரும்பியது. அன்று எங்கள் தோழி சொன்ன ஒரு விஷயம் எங்களை இன்னும் விடவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறோம்.

கூடைப்பந்தை நாங்கள் முதலில் காதால்தான் அறிந்தோம். ஏற்காடு பழைய உறைவிடப் பள்ளிகளின் ஊர். மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இல் தொடங்கப்பட்டது. திரு இருதயக் கன்னியர் மடத்துப் பள்ளி அதற்கும் மூத்தது. எங்கள் பள்ளியிலோ கபடியும் கோ-கோவும் எறிபந்தும்தான். நாங்கள் பள்ளிவிட்டுத் திரும்பும் சாலையோரத்தில் ஓர் உறைவிடப் பள்ளியின் ஆடுகளம் இருந்தது. பனி இறங்கிவிட்டால் ஆட்கள் தெரியமாட்டார்கள். சிமெண்டுத் தரையில் பந்து மோதும் 'தொம், தொம்' என்ற ஒலி மட்டும் கேட்கும். நடுவில் அது நின்றுபோகும். அந்த நிசப்தத்தில்தான் பந்து வளையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதை நாங்கள் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டோம்.

எங்கள் தோழிக்கு அந்தப் பந்து கைக்கு எட்டியது கல்லூரியில்தான். 2002ஆம் ஆண்டு. அவள் உயரமானவள் அல்லள். ஆனால் மலைப்பாதையில் தினமும் நடந்து வளர்ந்த கால்கள். முதல் வாரத்திலேயே பந்தைப் பார்க்காமல் தட்டிக்கொண்டு ஓடக் கற்றுக்கொண்டாள். இரண்டாம் ஆண்டில் கல்லூரி அணியில் இடம் கிடைத்தது. கல்லூரிகளுக்கிடையேயான ஆட்டங்களுக்கு நாங்கள் நால்வரும் போவோம். பார்வையாளர் என்று சொல்ல எங்களையும், மற்ற அணியின் மாணவிகளையும், நுங்கு விற்கும் ஒரு பெரியவரையும் தவிர வேறு யாரும் இருந்ததாக நினைவில்லை. அவள் கோட்டுக்கு வெளியே நின்று எறியும் பந்து வலையைத் தொட்டும் தொடாமலும் இறங்கும். எறிந்த பிறகும் அவளுடைய வலக்கை மேலேயே, மணிக்கட்டு மடிந்தபடி, ஒரு கணம் நிற்கும். அந்தக் கையைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.

அனிதாவின் பெயர் எங்களுக்குத் தெரியவந்ததும் அந்த ஆண்டுகளில்தான். 1985இல் பிறந்தவர், எங்கள் வயதுதான். பதினொரு வயதில் கூடைப்பந்தைத் தொட்டு, 2001இல், அதாவது நாங்கள் மேல்நிலைப் பள்ளியில் இருந்தபோதே, ஆசியச் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்காக ஆடியிருந்தார். தொலைக்காட்சியில் அவர் ஆடி நாங்கள் பார்த்ததில்லை. நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், கிரிக்கெட் புள்ளிவிவரங்களுக்குக் கீழே மிஞ்சிய இடத்தில், இரண்டு மூன்று வரிகளாக வருவார். தேநீர்க் கடையில் அந்த வரிகள் கண்ணில் பட்டால், கடைக்காரரிடம் கேட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்து வாங்கிக்கொண்டு வருவோம். அதை எங்கள் தோழியிடம் கொடுப்போம். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, பேசாமல் பாடப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வாள்.

பத்தொன்பதாவது வயதில் அனிதா இந்திய அணியின் தலைவியானார். அவ்வளவு இளம் வயதில் அந்தப் பொறுப்பு வேறு யாருக்கும் வாய்த்ததில்லை. அன்று நாங்கள் மிட்டாய் வாங்கி எங்கள் வகுப்புக்கே கொடுத்தோம். யாருக்கு என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நாங்கள் ஒருமுறைகூட நேரில் பார்த்திராத ஒருவருக்காக மிட்டாய் கொடுத்தோம் என்று எப்படிச் சொல்வது?

அதே பத்தொன்பதாவது வயதில் எங்கள் தோழிக்கு இருந்த பெரிய சிக்கல் மாலைப் பேருந்து. பயிற்சி முடிவதற்கு முன்பே புறப்பட்டால்தான் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இருட்டுவதற்குள் வீடு சேரலாம். ஆகவே பயிற்சியின் கடைசிப் பகுதி, அணி இரண்டாகப் பிரிந்து உண்மையாக ஆடும் பகுதி, அவளுக்குக் கிடைக்கவே இல்லை. விடுதியில் சேர வீட்டில் சம்மதமில்லை. வெளியூர் ஆட்டம் என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு பஞ்சாயத்து. 2005இல் படிப்பு முடிந்தது. சில மாதங்களில் திருமணமும் முடிந்தது. காலணிகள் பரணில் ஏறின. அதில் யாரையும் குறை சொல்லும்படி ஏதும் நடக்கவில்லை என்பதுதான் வேதனை. யாரும் அவளை ஆடாதே என்று சொல்லவில்லை. ஆட வா என்று சொல்லவும் யாரும் இருக்கவில்லை.

இந்த விளையாட்டின் வரலாற்றைப் பிற்காலத்தில் படித்தபோது அவள் கதை அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்ததைக் கண்டோம். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், பனிக்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆடுவதற்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் பதின்மூன்று விதிகளுடன் கூடைப்பந்தை உருவாக்கினார். பத்தடி உயரத்தில் பீச் பழக் கூடைகளை மாட்டி ஆடிய ஆட்டம் அது. அடுத்த ஆண்டே, அருகிலிருந்த ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதை மாணவிகளிடம் கொண்டுபோனார். ஆனால் பெண்கள் களைத்துவிடுவார்கள், முரட்டுத்தனம் பழகிவிடுவார்கள் என்ற அக்காலத்து அச்சங்களுக்கு ஏற்ப ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்தார். ஒவ்வொருத்தியும் தன் பகுதிக்குள்ளேயே ஆட வேண்டும். கோட்டைத் தாண்டக் கூடாது. ஆண்களின் கூடைப்பந்து 1936இல் பெர்லினிலேயே ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவிட்டது. பெண்களுக்கு அந்த வாசல் திறக்க 1976இல் மான்ட்ரியல் வரை, நாற்பது ஆண்டுகள் ஆயின. இந்திய ஆண்கள் அணி 1980இல் மாஸ்கோவில் ஒரே ஒருமுறை ஒலிம்பிக்கில் ஆடியிருக்கிறது. பெண்கள் அணி இன்றுவரை ஒலிம்பிக்கை எட்டவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு அனிதாவின் ஆட்டக்காலத்தைப் பார்த்தால்தான் அதன் நீளம் விளங்குகிறது. 2001 முதல் 2017 வரை வந்த ஆசியச் சாம்பியன்ஷிப்புகள் ஒன்பதிலும் தொடர்ந்து ஆடியிருக்கிறார். வேறெந்த இந்தியருக்கும் இல்லாத கணக்கு இது. 2011இல் இலங்கையின் அம்பாந்தோட்டையில் நடந்த தெற்காசியக் கடற்கரை விளையாட்டுகளில் தங்கம். 2013இல் தோஹாவில், அணிக்கு மூவர் ஆடும் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் தங்கம். அணித் தலைமை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். பதினாறு வயதுப் பெண்ணாக உள்ளே வந்தவர், முப்பத்திரண்டு வயதில் தாயாகவும் அதே சட்டையை அணிந்து நின்றார்.

அது அவருடைய திறமையால் மட்டும் ஆனதன்று என்று எங்களுக்குத் தோன்றுகிறது. தென்னக ரயில்வேயில் அவருக்கு வேலை இருந்தது. நம் நாட்டில் கூடைப்பந்து ஆடும் பெண்ணுக்குத் தொழில்முறை அணிகள் சோறு போடுவதில்லை; ரயில்வேதான் போடுகிறது. தேசியப் போட்டிகளில் ரயில்வே தனி அணியாகவே இறங்கும். மகளிர் பிரிவில் நெடுங்காலமாக அசைக்க முடியாத அணியும் அதுதான். சங்கனாச்சேரியில் அசம்ப்ஷன் கல்லூரி மாணவியாக ஆடி வளர்ந்த, ஆறடி இரண்டு அங்குல உயரமுள்ள கீது அன்னா ஜோஸும் அதே தென்னக ரயில்வேக்குத்தான் வந்து சேர்ந்தார். ஆஸ்திரேலியாவில் கிளப் அணிக்கு ஆடி, 2011இல் அமெரிக்க மகளிர் தொழில்முறைக் கூடைப்பந்தின் தேர்வு முகாம்கள் வரை போனவர் அவர். மாதச் சம்பளமும், பயிற்சிக்கு விடுப்பும், பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வர ஓர் இடமும் இருந்தால் ஒரு பெண்ணின் ஆட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இவர்கள் இருவரும் சான்று. எங்கள் தோழி மூன்றாண்டு ஆடினாள். அனிதா பதினேழு ஆண்டு ஆடினார். இருவருக்கும் இடையிலிருந்த தூரம் முழுவதும் கையின் திறமை என்று எண்ணினால் அது அனிதாவுக்குப் பெருமை. எங்கள் தோழிக்கு அநீதி. முழுவதும் வாய்ப்பு என்று எண்ணினால் அது அனிதா சிந்திய வியர்வைக்கு அநீதி. இந்தக் கணக்கை நாங்கள் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறோம். விடை வந்ததில்லை.

2017 ஜூலையில் ஆசியக் கோப்பை பெங்களூருவில் நடந்தது. சேலத்திலிருந்து பேருந்தேறினால் சில மணி நேரம். போவதென்று முடிவு செய்து, ஒருவருக்கு விடுப்பில்லை, ஒருவர் வீட்டில் காய்ச்சல் என்று எப்போதும் போலப் போகாமல் இருந்துவிட்டோம். இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டம் ஜூலை 29, சனிக்கிழமை. இந்தியாவும் கஜகஸ்தானும். எங்கள் தோழிதான் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஏப்பா, ஃபோன்ல நேரலையா வருதாம். நம்ம ஊர்ல சிக்னல் எங்க நிக்கும்?"

சாலை வளைவு ஒன்றில், பள்ளத்தாக்கைப் பார்த்த பாறைக்குப் பக்கத்தில், சேலத்து அலைவரிசை நன்றாகக் கிடைக்கும். ஐந்து பேரும் அங்கே போய் நின்றோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு குடை, அதன் கீழே ஒரு கைப்பேசி. படம் ஓடும், நிற்கும், சக்கரம் சுழலும், மறுபடி ஓடும். நின்று போகும்போது பந்து காற்றில் இருக்கும். மறுபடி ஓடும்போது எல்லோரும் ஆடுகளத்தின் மறுகோடியில் இருப்பார்கள். சிறுவயதில் பனிக்குள் கேட்ட ஆட்டத்தைப் போலத்தான் இதையும் பார்த்தோம்.

நெடுநேரம் பேசாமல் இருந்த எங்கள் தோழி, திரையைத் தொட்டுக் காட்டி, "கோடு தள்ளிப் போயிருக்குதே!" என்றாள்.

எங்களுக்கு முதலில் புரியவில்லை. மூன்று புள்ளிக் கோட்டைச் சொல்கிறாள். அவள் ஆடிய காலத்தில் அது வளையத்திலிருந்து 6.25 மீட்டர். 2010இல் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் அதை 6.75 மீட்டராக்கிவிட்டது. அரை மீட்டர். நாங்கள் நால்வரும் இத்தனை ஆண்டுகளாகச் செய்தி சேகரித்தும் அதைக் கவனிக்கவில்லை. அவள் ஒரு பார்வையில் கண்டுவிட்டாள். கண் அன்று, கைதான் கண்டது. அந்தத் தொலைவு அவளுடைய தோளில் அப்படியே இருந்திருக்கிறது.

இந்தியா வென்றது, இரண்டே புள்ளி வித்தியாசம். அந்த வெற்றியால் ஆசியாவின் முதல் பிரிவுக்கு அணி உயர்ந்தது. படம் நின்று நின்று வந்ததால், முடிவு எங்களுக்குத் தெரிந்தபோது பெங்களூருவில் கொண்டாட்டமே தொடங்கியிருந்தது. நாங்கள் தூறலில் கத்தினோம். போகிற வண்டிக்காரர்கள் ஏதோ விபத்து என்று எண்ணி வேகத்தைக் குறைத்தார்கள். எங்கள் தோழி மட்டும் கத்தவில்லை. வலக்கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, மணிக்கட்டை மடித்து, சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மகளுக்கு டியூஷன் முடிஞ்சிருக்கும்" என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டாள்.

சேலம் மாவட்டம் விளையாட்டு வீரர்களைக் கொண்டாடத் தெரியாத மாவட்டம் அன்று. 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற பெரியவடகம்பட்டி மாரியப்பனுக்கும், ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்கு அறிமுகமாகி 2021 ஜனவரியில் திரும்பிவந்த சின்னப்பம்பட்டி நடராஜனுக்கும் ஊரே திரண்டது. அதே ஜனவரியின் 25ஆம் நாள் பத்ம விருதுப் பட்டியல் வந்தது. மறைந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்குப் பத்ம விபூஷண். பத்மஸ்ரீ பெற்றவர்களில் சாலமன் பாப்பையா இருந்தார். நூறு வயதைக் கடந்த விவசாயி பாப்பம்மாள் இருந்தார். எங்களைப் போன்றவர்கள் பேச அந்தப் பெயர்களே போதும். அந்த வரிசையில் அனிதா பால்துரையின் பெயரும் இருந்தது. வழக்கம்போல நாங்கள் அந்தச் செய்தியைத் தோழிக்கு அனுப்பினோம்.

சென்ற மாதக் கூட்டத்துக்கு இனி வருகிறோம். பழைய பேச்சுகளுக்கு நடுவே எங்களில் ஒருவர், "அப்போ நாங்க கொடுத்த பேப்பர் துண்டெல்லாம் உனக்கு எவ்வளவு தெம்பா இருந்திருக்கும்!" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எங்கள் தோழி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெம்பா? ஒவ்வொண்ணும் குத்துச்சுப்பா," என்றாள். "நான் ஆகாததை மாசாமாசம் கிழிச்சுக் கொண்டுவந்து என் கையில கொடுத்தீங்க. அந்தப் பொண்ணு பேரைக் கேட்டாலே எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வராது. கல்யாணத்துக்கப்புறமும் விடலையே நீங்க!"

யாரும் பேசவில்லை. இருபது ஆண்டுகளாக நாங்கள் அனிதாவின் ரசிகர்கள் என்றும், அந்த ரசிப்பைத் தோழியோடு பகிர்ந்துகொள்கிறோம் என்றும் நினைத்திருந்தோம். அவளுக்கு நாங்கள் செய்துகொண்டிருந்தது வேறு. கல்லூரித் திடலில் எங்கள் கண்முன்னே ஆடிய ஒருத்தி ஆட்டத்தை நிறுத்தியபோது, ஏன் நிறுத்தினாய் என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. அவள் வீட்டுக்குப் போய் அவளுக்காக ஒரு வார்த்தை பேசவுமில்லை. பதிலாக, தூரத்தில் ஆடிக்கொண்டிருந்த இன்னொருவரின் பெயரைக் கத்தரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்தப் பேருந்தைப் பற்றியும் விடுதியைப் பற்றியும் அன்றே பேசியிருக்கலாம். பேசாததற்கு எங்களிடம் காரணம் ஏதுமில்லை.

"அப்புறம் எதுக்கு 2017ல கூப்பிட்டே?" என்று மெதுவாகக் கேட்டோம்.

"பிள்ளை பெத்துட்டு ஆட வந்திருக்காங்கன்னு படிச்சேன். அதுக்கு மேல கோவிக்க முடியலை," என்றாள். "பார்க்கணும்னு தோணுச்சு. பார்த்தேன். அன்னைக்குத்தான் நானும் அவங்களுக்கு ரசிகை ஆனேன். நீங்கல்லாம் ரொம்ப முன்னாடியே ஆயிட்டீங்க. உங்களுக்கு அது சுலபம்."

பிறகு உள்ளே போய் ஒரு பழைய வணிகவியல் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் கொடுத்த துண்டுகள் அத்தனையும் அதற்குள் இருந்தன. மஞ்சளேறி, சில இடங்களில் பூச்சி அரித்து, தேதி வரிசை மாறாமல். குத்திய ஒன்றையும் அவள் எறியவில்லை.

தலைச்சோலை வளையத்தை மாட்டியவள் அவள்தான். அந்த ஜூலை ஆட்டம் முடிந்த சில வாரங்களில் சேலத்துப் பட்டறை ஒன்றில் 45 செ.மீ. விட்டத்துக்குக் கம்பியை வளைத்து வாங்கி வந்தாள். பலகை விதிப்படி 180க்கு 105 செ.மீ. இருக்க வேண்டும், எங்களுக்குக் கிடைத்த மரத்தில் அதில் பாதிதான் தேறியது. உயரத்தில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகள்தானே, ஒன்பதடி போதும் என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். டேப்பைப் பிடித்து 305 செ.மீ. அளந்து, அங்கேதான் மாட்டச் சொன்னாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் வருகிறார்கள். அவள் மகளும் அவர்களில் ஒருத்தி. வலை கட்டினால் இரண்டு மழைக்கு மேல் தாங்குவதில்லை என்பதால் வலையைக் கைவிட்டுவிட்டோம். மாலையில் ஆட்டம் நீண்டுவிட்டால் பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விடுவது எங்கள் மூவரின் வேலை. எங்களுக்கு அவள் கொடுத்த ஒரே வேலை அதுதான். ஏன் அதைக் கொடுத்தாள் என்பது சென்ற மாதம்தான் எங்களுக்கு விளங்கியது.

கூட்டம் முடிந்த மறுவாரம் திடலுக்குப் போனபோது அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமிக்கு அந்த மஞ்சள் துண்டுகளில் ஒன்றைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து டேப்பின் ஒரு முனையை நீட்டினாள். முந்தின இரவு பெய்த மழையில் கோடு அழிந்திருந்தது. வளையத்துக்கு நேர் கீழே நாங்கள் முனையைப் பிடித்துக்கொள்ள, அவள் பின்னோக்கி நடந்து போய் 6.75 மீட்டரில் நின்றாள். குனிந்து, சுண்ணாம்புப் பொடியைத் தூவிக் கோட்டைப் போடத் தொடங்கினாள்.